ஊசியால் வைத்த ஜன்னல்

செங்கல்லை உடைத்து ஜன்னல் வைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஒரு கொத்தனார், ஒரு கடப்பாரை, அரை மூட்டை சிமென்ட் இருந்தால் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். பல நூறு தலைமுறைகளாக வைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கட்டடத்துக்கு ஊசியாலும் நூலாலும் ஜன்னல் வைத்த நிர்வாகம் உலகத்திலேயே ஒன்றுதான். அந்த நிர்வாகத்தின் நலவாழ்வு அதிகாரி அடியேன்தான் என்பதை மிகுந்த தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். தன்னடக்கத்துக்காக எனக்குத் தனியாக ஒரு சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள். அது என் நாற்காலிக்குப் பின்னால், வருகிறவர்கள் கண்ணில் படாமல் தப்பிக்க முடியாத உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது.

எங்களுடையது சலவை நிலையம். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரிகளின் போர்வைகளும் எங்களிடம் அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பிப் போகின்றன. அவற்றில் கிழிந்தவை 'துணிச் செப்பனிடும் பிரிவு'க்குப் போகும். இந்தப் பெயரைச் சொன்னால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கே வழி தெரியாது. அவர்கள் அதை ஒட்டு ரூம் என்பார்கள். அதற்கு ஒரு பக்கம் இஸ்திரிக் கூடம், இன்னொரு பக்கம் சோப்புக் கிடங்கு, மூன்றாவது பக்கம் பாய்லர். நான்காவதுதான் வெளிச்சுவர். நான்கு சுவர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு கதவு, அதுவும் இஸ்திரிக் கூடத்தின் பக்கம். அந்தக் கதவு வழியாக நீராவி உள்ளே வரும். வந்தது திரும்பிப் போகாது. உள்ளே ஏழு தையல் மெஷின்கள், ஏழு பெண்கள். பழைய விரிப்பைப் பிரித்து உதறும்போதெல்லாம் பஞ்சுப் பிசிறு பறந்து, சாயங்காலத்துக்குள் ஏழு பேர் தலையும் நரைத்துவிடும். வாசலில் நின்று தட்டிவிட்டால் மறுபடி கறுத்துவிடும். தினமும் இளமை திரும்பும் வசதி எங்கள் நிலையத்தில் வேறெந்தப் பிரிவுக்கும் இல்லை.

அந்த ஏழு பேரில் மூத்தவர் பொத்தானக்கா. இருபத்திரண்டு வருடமாகத் தலையணை உறைகளுக்குப் பொத்தான் வைத்ததால் வந்த பெயர். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் ஒரு நாள் என் மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்தார். அதில் ஒரே வரி. 'எங்கள் ரூமுக்கு ஒரு ஜன்னல் வேண்டும் ஐயா.' அதோடு ஒரு டாக்டர் சீட்டு. பஞ்சு நுரையீரலில் சேர்ந்திருக்கிறது, இனிமேல் காற்றோட்டமான இடத்தில் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

விண்ணப்பத்தில் 'பொருள்' இல்லை. 'பார்வை' இல்லை. தேதி இல்லை. இருந்தாலும் பெருந்தன்மையோடு விசாரித்தேன்.

"இருமல் எத்தனை நாளா இருக்கும்மா?"

"மூணு வருஷமா சார்."

"அப்போ இதுக்குள்ள பழகியிருக்குமே?"

"நல்லாப் பழகிடுச்சு சார். அதான் விட்டுப் போக மாட்டேங்குது."

"வேற பிரிவுக்கு மாத்திடலாமா?"

"எங்க சார் மாத்துவீங்க? இஸ்திரில நீராவி, கிடங்குல சோப்புத் தூள். ஒரு ஜன்னல் வச்சா ஏழு பேருக்கும் ஆகும்." ஒரு முறை இருமி முடித்துவிட்டுச் சொன்னார். "இப்படியே போனா வருஷக் கடைசில வேலைய விட்டுடணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. வீட்ல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான் சார். பாத்துச் செய்ங்க."

பார்த்துச் செய்வதுதான் என் தொழில். செய்வதைவிடப் பார்ப்பதில் எனக்கு அனுபவம் கூடுதல். உடனே கூட்டம் கூட்டினேன்.

கூட்டத்துக்குப் பொது மேலாளர் தலைமை வகித்தார். கட்டட இன்ஜினியர் வந்திருந்தார். எங்கள் நிலையம் புதிதாக அமர்த்தியிருந்த நிம்மதி ஆலோசகர் அம்மையாரும் வந்திருந்தார். இன்ஜினியர் நல்ல மனிதர், ஆனால் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடும் கெட்ட பழக்கம் உண்டு.

"ரெண்டு நாள் வேலை சார். வெளிச்சுவத்துல ஓட்டை போட்டு ஒரு சட்டம் வச்சா முடிஞ்சுது."

"அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டார் பொது மேலாளர்.

"உங்க கார் நிக்கற இடம் சார்."

பொது மேலாளர் காலையில் பதினொன்றே முக்காலுக்கு வந்து மாலை மூன்றேகாலுக்குக் 'களப்பணி'க்குப் புறப்பட்டுவிடுகிறவர். களம் எது என்று இந்தப் பதினோரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. கார் நிற்கும் இடத்தைப் பார்க்க ஜன்னல் இல்லாததால் கேட்கத் தோன்றியதும் இல்லை.

"எனக்குக் கவலை அவங்களைப் பத்திதான்," என்றார் அவர் உருக்கமாக. "ஒரு மனுஷன் எப்ப வரான், எப்ப போறான்னு ஏழு பேர் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா, ஊசி கைல குத்திடாதா?"

தொழிலாளர் விரல்மேல் இவ்வளவு அக்கறை உள்ள நிர்வாகியை நான் கண்டதில்லை. கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் நிம்மதி ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் ஏதோ சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

"ஜன்னல் சுவத்துல இல்ல சார். மனசுல இருக்கு."

"அப்படிச் சொல்லுங்க!" பொது மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மனசுல எவ்வளவு பெரிசா வேணும்னாலும் வச்சுக்கட்டுமே. நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

ஆலோசகர் திட்டத்தை விளக்கினார். கட்டம் கட்டமாக நெய்த துணி. அதில் ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறி போல ஒரு தையல். இதற்குக் கிராஸ் ஸ்டிச் என்று பெயர். இன்றைக்கு உலகத்தில் கவலை உள்ளவர்கள் எல்லாம் இதைத்தான் தைக்கிறார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு படம் தைத்து, வாசலிலும் வரவேற்பறையிலும் மாட்டி, பருவம் மாறியதும் படத்தை மாற்றுகிறார்கள். ஆகவே ஒட்டு ரூம் பெண்கள் திறந்த ஜன்னல் ஒன்றைத் தைக்கட்டும். அதற்கு வெளியே வசந்தம், கோடை, மழை, பனி. வருடத்துக்கு நான்கு ஜன்னல்.

"அவங்க ஒண்ணுதான் கேட்டாங்க, நாம நாலு தரோம்," என்று நான் கணக்கைச் சுட்டிக்காட்டினேன்.

"காத்து?" என்றார் இன்ஜினியர்.

"காத்தையும் தைக்கலாம்," என்றார் ஆலோசகர் கண்ணைத் திறக்காமலே. "மரக்கிளைய லேசா வளைச்சுத் தைச்சுட்டா காத்து அடிக்குதுன்னு அர்த்தம்."

இவ்வாறாக 'பருவகால ஜன்னல் திட்டம்' ஒருமனதாக நிறைவேறியது. இன்ஜினியருடைய மனம் அதில் சேரவில்லை, அதனால்தான் ஒருமனதாயிற்று. தையல் வேலை மதிய இடைவேளையில், தொழிலாளர்களின் சுயவிருப்பப்படி நடக்கும். சுயவிருப்பம் இல்லாதவர்கள் மூன்று நாளைக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

திட்டத்தை அறிவிக்க நானே ஒட்டு ரூமுக்குப் போனேன். ஏழு பேரும் கேட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் மெஷின்கள் நின்றன.

"காலைலேர்ந்து தைச்சுக்கிட்டே இருக்கோம்," என்றார் ஒரு பெண். "தைச்ச களைப்பு தீரத் தைக்கணுமா சார்?"

"இது வேற தையல்மா. அது சம்பளத்துக்கு, இது நிம்மதிக்கு."

பொத்தானக்கா கட்டத் துணியை வாங்கி இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல துணி," என்றார். அவ்வளவுதான்.

வசந்த ஜன்னலை மூன்றே வாரத்தில் முடித்துவிட்டார்கள். எனக்கே திகைப்பாக இருந்தது. இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருக்க, மஞ்சள் பூக்கள், ஒரு குருவி, வளைந்த கிளை. திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் ஒரு முடிச்சு இல்லை, ஒரு நூல் தொங்கவில்லை. இருபத்திரண்டு வருடம் கிழிசலே தெரியாமல் ஒட்டுப் போட்ட கை. இவ்வளவு சீக்கிரம் வேலை முடிந்தால் நிர்வாகத்துக்கு என்ன வேலை என்று கவலைப்பட்டேன். நல்ல வேளையாக, தைத்து முடிப்பதோடு இந்தக் கலையில் எதுவும் முடிவதில்லை என்று ஆலோசகர் விளக்கினார். தைத்த துணி வெறும் துணிதான். அதற்குச் சட்டம் போடலாம், வளையத்தில் பூட்டலாம், மெத்தையாக்கலாம், கம்பில் கோத்துத் தொங்கவிடலாம், அட்டையில் ஒட்டிப் பெட்டி மூடியாக்கலாம். இந்தக் கட்டத்துக்கு 'முடிப்பு' என்று பெயர். துணி முடிப்பு ஆகும்வரை அதை மாட்டக்கூடாது.

உடனே ஐந்து பேர் கொண்ட முடிப்புக் குழு அமைந்தது. தலைவர், சொல்லத் தேவையில்லை, நான்தான்.

பெண்கள் துணியை, தைக்கும்போது இழுத்துப் பிடிக்கும் மர வளையத்திலேயே பூட்டி, ஓரத்தை உள்ளே மடித்துக் கொடுத்துவிட்டார்கள். அப்படியே ஆணியில் மாட்டலாம் என்றார்கள். அங்கேதான் சிக்கல். வளையம் வட்டம். வட்டமாக இருப்பது ஜன்னல் ஆகுமா?

"கப்பல்ல வட்டமாத்தான் இருக்கும்," என்றார் இன்ஜினியர்.

"நாம கப்பலா?" என்றார் பொது மேலாளர்.

நாம் கப்பலா இல்லையா என்பதைத் தீர்மானிக்க மூன்று அமர்வுகள் தேவைப்பட்டன. இல்லை என்று முடிவாயிற்று. ஆனாலும், கப்பல் அல்லாத நிறுவனங்களிலும் வட்ட ஜன்னலுக்குத் தடை ஏதும் இல்லை என்று நான் ஒரு குறிப்பு எழுதி ஒப்புதல் வாங்கினேன். அதற்குள் பதினோரு வாரம் ஓடி, வெயில் கொளுத்த ஆரம்பித்துவிட்டது. கோடையில் வசந்தத்தை மாட்டினால் பார்ப்பவர் மனம் குழம்பும் என்று ஆலோசகர் தடுத்துவிட்டார். வசந்தம் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஒரு பூ வாடவில்லை.

கோடை ஜன்னலில் கடல் தைத்தார்கள். வட்டமா சதுரமா என்ற தகராறே வரக்கூடாது என்று, இந்த முறை மெத்தையாக முடிக்க உத்தரவிட்டேன். பின்னால் நீலத் துணி வைத்து, உள்ளே பஞ்சு திணித்து, நான்கு மூலையிலும் குஞ்சம். மெத்தையாக்கிய ஜன்னலைச் சுவரில் மாட்டுவது எப்படி என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை, பொது மேலாளருக்கு முதுகுவலி என்பதால் எழுப்ப அவகாசமும் கிடைக்கவில்லை. 'சோதனை முறையில்' அது அவர் நாற்காலிக்குப் போயிற்று. இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. ஒட்டு ரூமின் கோடைக் காற்று முழுவதும் அவர் இடுப்புக்குக் கீழே அடிக்கிறது.

இதற்கிடையில் பொத்தானக்காவின் இருமல் இஸ்திரிக் கூடம்வரை கேட்க ஆரம்பித்திருந்தது. திட்டத்தின் பலனை அளக்க ஒரு படிவம் தயாரித்துக்கொண்டு போனேன்.

"ஜன்னலைத் தைக்கும்போது மூச்சு எப்படிம்மா இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு சார்."

"படத்தைப் பாக்கும்போது? கிளை ஆடற மாதிரி தோணுதா?"

"தோணுது சார். ஆனா கண்ணால மூச்சு விட எனக்கு வரல."

'பயிற்சி தேவை' என்று குறித்துக்கொண்டேன்.

வீட்டில் இந்தத் திட்டத்தின் பெருமையைச் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஜன்னல் கேட்டவங்களுக்குப் படம் குடுத்தீங்களா?"

"அவங்களே தைச்ச படம்."

"பசிக்குதுன்னு வந்தா?"

"அது கேன்டீன் பிரிவு. என் பொறுப்பு இல்ல."

அவள் எழுந்து போய் சமையலறை ஜன்னலைச் சாத்தினாள், கூடத்து ஜன்னலைச் சாத்தினாள், ஃபேனை நிறுத்தினாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என்ன இது என்று கேட்டேன்.

"மனசுல திறந்துக்குங்க," என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். குடும்பங்களில் நிர்வாக அறிவு வளராததற்கு இதுவே சான்று.

மழைக்கால ஜன்னலைக் கொடியாக முடிப்பது என்று தீர்மானித்தோம். மேலே ஒரு கம்பு, கீழே கூம்பிய முனை, தொங்கவிட்டால் போதும். தைப்பதற்கு முன் கணக்கு தவறாமலிருக்கப் பத்துப் பத்துக் கட்டமாக நீலப் பேனாவால் கோடு போட்டுக்கொள்வார்கள். தண்ணீரில் நனைத்தால் போய்விடும் பேனா. ஆனால் நனைப்பதற்கு முன் சூடு பட்டால் கோடு சாகும்வரை போகாது. இதை அந்த ஏழு பேரும் அறிவார்கள். ஆகவே, 'முதலில் அலசவும், பிறகு இஸ்திரி போடவும்' என்று ஒரு சீட்டு குத்தி அனுப்பினார்கள். எங்கள் நிலையத்தில் ஒரு துணியை அலச வேண்டுமானால் அதற்கு வாடிக்கையாளர் எண் வேண்டும். மழைக்கு வாடிக்கையாளர் எண் இல்லை. இஸ்திரிக்கு எண் தேவையில்லை. ஆகவே, ஒரு நாளைக்கு நாலாயிரம் உருப்படி அலசுகிற சலவை நிலையத்தில், அந்த ஒரு துணி மட்டும் அலசாமல் இஸ்திரிக்குப் போயிற்று.

இஸ்திரி போட்டது பொத்தானக்காவின் நாத்தனார். நல்ல அழுத்தமான கை. மழை, தூரத்து மலை, திறந்த ஜன்னல் எல்லாவற்றின் மேலும் நீலக் கோடுகள் நெடுக்கிலும் குறுக்கிலும் நிரந்தரமாகிவிட்டன.

"என் நாத்தனார் கை பட்டா எதுவும் லேசுல அழியாது சார்," என்றார் பொத்தானக்கா. அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரிப்பு இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அதைப் பொது மேலாளரிடம் எடுத்துப் போனேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அருமையா இருக்கே! ஜன்னலுக்குக் கம்பி வச்சிருக்காங்க. பாதுகாப்பு உணர்வு பாருங்க!"

கம்பி வைத்த மழை இப்போது வரவேற்பறையில் தொங்குகிறது. ஒட்டு ரூம் பெண்களுக்கு வரவேற்பறைக்குள் அனுமதி கிடையாது.

ஆக, மூன்று பருவம் போய் மூன்று ஜன்னல் முடிந்து, ஒட்டு ரூம் சுவர் மட்டும் பழையபடியே இருந்தது. பொத்தானக்கா இரண்டாவது டாக்டர் சீட்டைக் கொண்டுவந்தார். இன்னும் ஒரு மாதம், அதற்குமேல் அந்த அறையில் உட்காரக் கூடாது என்று அதில் இருந்தது. முதல் சீட்டோடு சேர்த்து நூல் போட்டுக் கட்டினேன்.

அந்த நேரத்தில்தான் 'ஆனந்தப் பணியிடம்' விருதுக்குழு எங்கள் நிலையத்தைப் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. ஜன்னல் திட்டத்தைப் பற்றி நான் எழுதிய நாற்பது பக்க அறிக்கை அவர்களை உலுக்கிவிட்டதாம். பொது மேலாளர் என்னை அழைத்தார்.

"பனி ஜன்னல் அந்த ரூம்லயே இருக்கணும். நிஜ ஜன்னல் தோத்துப் போகணும். புரியுதா?"

புரிந்தது. பெண்கள் பனியைத் தைத்தார்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பனி தைப்பது கண்ணைப் பிடுங்கும் வேலை. பொத்தானக்கா பெரும்பகுதியைத் தானே தைத்தார். வேகமாகத் தைத்தால் வேகமாக மாட்டுவார்கள், மாட்டும்போது ஏதாவது நல்லது நடக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அதற்கு ஒரு தச்சரைக் கொண்டு முடிப்பு செய்தோம். தேக்குச் சட்டம், முன்னால் கண்ணாடி, பக்கத்துக்கொரு கதவு, பித்தளைத் தாழ்ப்பாள், கீழே பூந்தொட்டி வைக்க ஒரு திண்டு, மேலே லேஸ் திரை. முக்கால் அடி கனம். அதைச் சுவரில் மாட்டிப் பார்த்தால், துணி வண்டி போகும் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

"சுவத்துக்குள்ள பதிச்சாதான் சார் ஆகும்," என்றார் இன்ஜினியர். "சுவரே முக்கால் அடிதான். பதிக்கறதுன்னா அந்தப் பக்கம் வரைக்கும் உடைக்கணும்."

"உடைங்க," என்றேன். விருதுக்கு நான்கு நாள்தான் இருந்தது.

"ஜன்னலுக்கு உடைக்கக் கூடாதுன்னீங்க."

"இது ஜன்னல் இல்ல. ஜன்னல் படம்."

இன்ஜினியர் கடப்பாரையை எடுத்துக்கொண்டார். பிறகு போய் உடைத்தார். ரெண்டு நாள் வேலை என்று சொன்னவர், காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டார்.

நாலடிக்கு மூன்றடி ஓட்டை. அதன் வழியாகக் காற்று வந்தது. நான் நலவாழ்வு அதிகாரி, உள்ளதை உள்ளபடி பதிவு செய்ய வேண்டியவன். காற்று வந்தது. பாய்லர் சூட்டைத் தள்ளிக்கொண்டு, நீராவியைக் கதவு வழியாகவே திருப்பி அனுப்பிக்கொண்டு வந்தது. பறந்த பிசிறு அந்த அறையில் முதல் தடவையாக ஒரு திசையில் போயிற்று. ஏழு பேரும் மெஷினை நிறுத்தவில்லை. தலையை மட்டும் தூக்கிக்கொண்டு தைத்தார்கள். பொத்தானக்கா தன் முக்காலியை ஓட்டைக்கு நேராக நகர்த்திப் போட்டுக்கொண்டார். உடைப்பதற்கு முன், காலையில் நான் நின்ற அரை மணியில் அவர் முப்பத்தொரு தடவை இருமியிருந்தார். அதன்பிறகு சாயங்காலம்வரை எண்ணினேன். நான்கு. நானும் ஓர் ஐந்து நிமிடம் அங்கே நின்றேன். அலுவல் முறையில் அல்ல, சும்மா. நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன்?

பதினொன்றே முக்காலுக்குப் பொது மேலாளரின் கார் வந்து நின்றது. அவர் இறங்கினார். ஓட்டையில் ஏழு முகங்கள்.

"வணக்கம் சார்!"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், உள்ளே ஓடிவிட்டார். மூன்றேகாலுக்குக் களப்பணிக்குப் புறப்பட்டு வந்தவர், மறுபடி ஏழு முகங்களைப் பார்த்ததும் எதையோ மறந்தவர் போல நெற்றியில் தட்டிக்கொண்டு திரும்பிப் போனார். அன்று அவர் ஆறு மணிவரை அறையில் உட்கார்ந்திருந்தார். அவர் மேசை விளக்கு எந்த ஸ்விட்சில் எரியும் என்று அன்றைக்குத்தான் விசாரித்தார். புறப்படும்போது என்னிடம் ஒரே வாக்கியம் சொன்னார்.

"நாளைக்குக் காலைல அது மூடியிருக்கணும்."

மறுநாள் காலை படத்தைப் பொருத்தப் போனபோது, பொத்தானக்கா எனக்கு முன்னால் அங்கே இருந்தார். வழக்கமாக என்னைக் கண்டால் எழுந்து ஒதுங்கி நிற்பவர், அன்று முக்காலியை விட்டு எழவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா? படம் நல்லாத்தான் இருக்கு. அதை நிஜக் கதவு மாதிரி ஒரு பக்கம் கீல் போட்டு மாட்டிடுங்க. பெரியவர் கார் வரப்ப நாங்களே சாத்திக்கறோம். போனதும் திறந்துக்கறோம். ஒருத்தரும் அந்தப் பக்கம் பாக்க மாட்டோம் சார். சத்தியமா."

"தீர்மானத்துல 'பொருத்த வேண்டும்'னு இருக்கும்மா. திறக்கறதைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"சரி, பின்னாடி பலகையாவது வேண்டாம் சார்," என்று குறுக்கே புகுந்தார் இன்ஜினியர். "கட்டத் துணில முழுக்க ஓட்டைதான். கண்ணாடியையும் எடுத்துட்டா கொஞ்சமாவது காத்து வரும்."

"தூசி படிஞ்சா பனி கறுத்துடும்," என்றேன். "இது கலைப்படைப்பு. முடிப்பு விதிகள்னு ஒண்ணு இருக்கு."

பொத்தானக்கா அந்தப் பனியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் தைச்சதுதானே சார் அது," என்றார். முக்காலியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பின்னால் இரட்டைப் பலகை, முன்னால் கண்ணாடி, சுற்றிலும் இடுக்கை அடைக்கும் மக்கு. இன்ஜினியர் கை ஓடாமல் நின்றதால் கடைசி ஓரத்து மக்கை நானே என் விரலால் அழுத்திப் பூசினேன். நான்கு பக்கமும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஊசி முனை அளவு காற்றுகூட வரவில்லை. 'முடிப்பு முழுமை' என்று கையெழுத்திட்டேன்.

விருதுக்குழு வந்தது. மூன்று பேர். பொது மேலாளர் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்து பனியைக் காட்டினார். "அடேயப்பா, பாக்கும்போதே குளிருதே!" என்றார் குழுத் தலைவர், கழுத்து வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்தபடி. அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அந்த அமைதிக்காகப் பொத்தானக்காவை அரை மணி நேரம் சோப்புக் கிடங்கில் உட்காரச் சொல்லியிருந்தேன். விருது எங்களுக்கே கிடைத்தது. தன்னடக்கச் சான்றிதழ் தனி.

அடுத்த திங்கட்கிழமை பொத்தானக்கா வேலையை விட்டார். விலகல் படிவத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மூச்சு வாங்கியதால் உட்கார்ந்தார். எழுதி முடித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். விலகுவதற்கான காரணம் என்ற கட்டத்தில், 'ரூமில் காற்று இல்லை' என்று எழுதியிருந்தார். விருது வாங்கிய நிறுவனத்தின் கோப்பில் அப்படி ஒரு வரி இருக்கலாமா? அதை அடித்துவிட்டு, 'சொந்தக் காரணம்' என்று என் கையாலேயே திருத்தி எழுதினேன். அதில் தவறு ஒன்றும் இல்லை. நுரையீரல் அவருடையதுதானே?